தேதி சரி, கிழமை தப்பு: எங்கே தேடுவது?

சில வருடங்களுக்கு முன் நான் தங்கியிருந்த விடுதியின் மெஸ்ஸுக்கு ஒரு சின்ன நிரல் எழுதிக் கொடுத்தேன். தினமும் காலையில் அன்றைய கிழமையைப் பார்த்து, அதற்குரிய சாப்பாட்டுப் பட்டியலைத் தாளில் அச்சடிக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஒரு புதன்கிழமை அதை ஓடவிட்டேன். இட்லி, பொங்கல், உப்புமா இவற்றில் எது எந்த நாளில் வந்தாலும் யாருக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை பிரியாணிக்குப் பதில் வத்தக்குழம்பு என்று தாள் சொன்னபோதுதான் ரகளை ஆரம்பித்தது. மறுநாள் திங்கள் காலை, ‘மதியம்: சிக்கன் பிரியாணி’ என்று ஒட்டியிருந்தது. சமையல்கார அண்ணன் என்னைக் கூப்பிட்டு, “தம்பி, கறி நீங்க வாங்கித் தர்றீங்களா?” என்றார்.

தாளின் மேலே அச்சாகியிருந்த தேதி சரி. கிழமை மட்டும் ஒரு நாள் பின்னால். திருத்தம் ஒரே வரியில் முடிந்தது. ஆனால் அந்த வரியைக் கண்டுபிடிக்க அரை நாள் ஆனது. காரணம், நான் நிரலின் முதல் வரியிலிருந்து கடைசி வரை படித்துக்கொண்டிருந்தேன். படித்திருக்க வேண்டியது அந்தத் தாளை.

இப்போது யாராவது “கிழமை தப்பா வருது” என்று வந்தால் நிரலைத் திறப்பதற்கு முன் இரண்டு கேள்வி கேட்கிறேன். எத்தனை நாள் தள்ளியிருக்கிறது? எப்போதெல்லாம் தள்ளுகிறது? காய்ச்சல் காலையில் வருகிறதா, ராத்திரி வருகிறதா என்று டாக்டர் கேட்பாரே, அது மாதிரி. கிழமைப் பிழைகள் பெரும்பாலும் ஏழெட்டு வகைதான். ஒவ்வொன்றும் தனக்கென ஒரு தடம் விட்டுப் போகும்.

முதலில், எது சரியான கிழமை?

இதை உறுதி செய்யாமல் பலர் இறங்கிவிடுகிறார்கள். இன்னொரு நிரலோடு ஒப்பிட்டால், அதுவும் தப்பாக இருக்கலாம். சுவரில் தொங்கும் தினசரி காலண்டர் போதும். அது கைவசம் இல்லையென்றால் ஒரு மனக்கணக்கு இருக்கிறது. ஒரே வருடத்தில் 4/4, 6/6, 8/8, 10/10, 12/12 ஆகிய ஐந்து தேதிகளும் ஒரே கிழமையில் விழும். ஜான் கான்வே என்ற கணித அறிஞர் கிழமை கண்டுபிடிக்க உருவாக்கிய முறையின் அடிப்படை இது. நமக்கு இதில் ஒரு கூடுதல் வசதி: ஆகஸ்ட் 8-க்குச் சரியாக ஒரு வாரம் கழித்துச் சுதந்திர தினம். ஆக, அந்த வருடத்துச் சுதந்திர தினம் என்ன கிழமை என்று தெரிந்தால் இந்த ஐந்து தேதியும் தெரிந்த மாதிரி. 2024-இல் அது வியாழன், 1947-இல் வெள்ளி. 1947 டிசம்பர் 12-உம் வெள்ளிதான்.

சோதனைக்காக இன்னும் சில தேதிகளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். 1950 ஜனவரி 26 வியாழன். 2000 ஜனவரி 1 சனி. 2000 பிப்ரவரி 29 செவ்வாய். சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 ஞாயிறு. இந்த நான்கையும் கொடுத்து, வரும் விடைகளை எழுதிப் பாருங்கள். பிழை எந்த வகை என்பது பாதி அங்கேயே தெரிந்துவிடும்.

எல்லா நாளும் ஒன்று தள்ளினால்

மெஸ்ஸில் நடந்தது இதுதான். கணினி கிழமையைப் பெயராக வைத்துக்கொள்வதில்லை, எண்ணாகத்தான் தருகிறது. எந்தக் கிழமைக்கு எந்த எண் என்பதில் மொழிக்கு மொழி வழக்கம் வேறு. நமக்கு வாரம் ஞாயிறு, திங்கள், செவ்வாய் என்று போகும். ஆகவே நான் பெயர்ப் பட்டியலை ஞாயிறில் தொடங்கினேன். நான் எழுதிய நிரல் மொழியான பைத்தானில் கிழமை எண்ணைத் தரும் ‘வீக்டே’ என்ற ஃபங்ஷனோ திங்களுக்கு 0 என்று ஆரம்பிக்கிறது. பட்டியலின் இடங்களும் 0-இலிருந்துதான் எண்ணப்படும். திங்களன்று 0 வந்தது, பட்டியலில் 0-ஆவது இடத்தில் ஞாயிறு, சுவரில் பிரியாணி.

பழைய சி மொழி ஞாயிறை 0 என்று வைத்தது. ஜாவாஸ்கிரிப்ட்டும் அதே வழி. ஐஎஸ்ஓ 8601 என்ற சர்வதேசத் தரம் வாரத்தைத் திங்களில் தொடங்கி 1 முதல் 7 வரை எண்ணுகிறது. பைத்தானிலேயே ‘ஐஎஸ்ஓ-வீக்டே’ என்று இன்னொரு ஃபங்ஷன் உண்டு, அது இந்த வழி. எக்செல் சும்மா கேட்டால் ஞாயிறு 1 என்று சொல்லும். இரண்டாவது மதிப்பாக 2 கொடுத்தால் திங்கள் 1 ஆகிவிடும். மைஎஸ்க்யூஎல் இன்னும் வேடிக்கை: அதில் ‘டே-ஆஃப்-வீக்’ ஞாயிறை 1 என்று எண்ணும், ‘வீக்டே’ திங்களை 0 என்று எண்ணும். ஒரே தரவுத்தளம், பெயரும் ஏறக்குறைய ஒன்று, விடை வேறு. ஜாவாவின் பழைய காலண்டர் வகுப்பில் ஞாயிறு 1, புதிய தேதி நூலகத்தில் திங்கள் 1. பழைய ஜாவா நிரலைப் புதிதாக மாற்றி எழுதும் இடத்தில் இந்தப் பிழை வராமல் இருந்தால்தான் அதிசயம்.

இதிலேயே கொஞ்சம் நுட்பமான ஒரு வகை இருக்கிறது. திங்கள் முதல் சனி வரை எல்லாம் சரி. ஞாயிறன்று மட்டும் நிரல் படுத்துவிடுகிறது, அல்லது கிழமை இருக்க வேண்டிய இடத்தில் வெற்றிடம். ஞாயிறில் தொடங்கும் ஏழு பெயர்ப் பட்டியலில், 1 முதல் 7 வரை தரும் ஃபங்ஷனைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். திங்களுக்கு 1, பட்டியலில் 1-ஆவது இடத்தில் திங்கள், பொருந்துகிறது. ஞாயிறுக்கு 7, பட்டியலிலோ 6-ஓடு முடிந்தது. வார நாட்களில் உட்கார்ந்து எழுதிச் சோதிக்கிறவர் கண்ணில் இது படவே படாது. வந்த எண்ணை 7-ஆல் வகுத்து மீதியை எடுத்தால் தீர்ந்தது. 7 தானாக 0 ஆகிவிடும்.

பெயர் அச்சாகும் இடத்திலாவது பிழை கண்ணுக்குத் தெரியும். ‘கிழமை 0 என்றால் விடுமுறை’ என்று ஒரு நிபந்தனை எழுதியிருந்தால் யாருக்கும் தெரியாமல் திங்கட்கிழமை விடுமுறையாகி, ஞாயிறு வேலை நாளாகி, சம்பளக் கணக்கு வரை போய்விடும். இந்த மாதிரி இடத்தில் வெறும் எண்ணை எழுதாதீர்கள். உங்கள் மொழியில் கிழமைக்கென்று பெயருள்ள மாறிலி, அதாவது எண்ணுக்குப் பதில் எழுதக்கூடிய நிலையான பெயர், இருந்தால் அதை எழுதுங்கள். இல்லையென்றால் நீங்களே ஒரு இடத்தில் உருவாக்கி வையுங்கள்.

கூடவே ஒரு சின்ன எச்சரிக்கை. ஜாவாஸ்கிரிப்ட்டில் ‘கெட்-டே’ கிழமை எண்ணைத் தரும். ‘கெட்-டேட்’ மாதத்தின் எத்தனையாவது நாள் என்பதைத் தரும். அவசரத்தில் இரண்டாவதை எழுதிவிட்டால், மாதத்தின் முதல் ஆறு நாள் ஏதோ ஒரு கிழமை வரும், 7-ஆம் தேதி முதல் ஒன்றுமே வராது.

மாதத்துக்கு மாதம் தள்ளல் மாறினால்

“அண்ணா, ஆகஸ்ட்ல மூணு நாள் தள்ளுது, ஏப்ரல்ல ரெண்டு நாள், பிப்ரவரில மட்டும் கரெக்டா வருது.” இப்படி ஒரு இளைஞர் சொன்னார். பேய் பிடித்த நிரல் போலத் தோன்றினாலும், அவர் சொன்ன அறிகுறியிலேயே விடை இருந்தது.

ஜாவாஸ்கிரிப்ட் மாதங்களை 0-இலிருந்து எண்ணுகிறது. ஜனவரி 0, டிசம்பர் 11. நாளை மட்டும் 1-இலிருந்து எண்ணுகிறது. சி மொழியிலிருந்து வந்த வழக்கம் இது. ஏன் இப்படி என்று கேட்டு இரத்தக் கொதிப்பை ஏற்றிக்கொள்வதில் பயனில்லை. ஆகஸ்ட் 15 என்று நினைத்து மாதத்துக்கு 8 கொடுத்தால், நிரல் அதைச் செப்டம்பர் 15 என்று எடுத்துக்கொள்ளும். நீங்கள் ஒரு முழு மாதம் முன்னே போய்விட்டீர்கள். ஆகஸ்டுக்கு 31 நாள். 31-ஐ 7-ஆல் வகுத்தால் மீதி 3. ஆகவே மூன்று நாள் தள்ளல். 2024 ஆகஸ்ட் 15 வியாழன், செப்டம்பர் 15 ஞாயிறு. ஏப்ரலுக்கு 30 நாள், மீதி 2. சாதாரண வருடத்துப் பிப்ரவரிக்கு 28 நாள், மீதி 0. அதனால் தப்பான மாதத்திலும் கிழமை ‘சரியாக’ வந்துவிடுகிறது. 2023 பிப்ரவரி 14-உம் செவ்வாய், மார்ச் 14-உம் செவ்வாய். யாராவது பிப்ரவரித் தேதியை வைத்துச் சோதித்து, நிரல் பாஸ் என்று அனுப்பியிருந்தால் அவரைக் குறை சொல்ல முடியாது.

இங்கே ஜாவாஸ்கிரிப்ட் செய்யும் இன்னொரு உபகாரம்: இல்லாத தேதியைக் கொடுத்தாலும் கோபப்படாது. செப்டம்பர் 31 என்றால் அக்டோபர் 1 என்று தானே சரிசெய்துகொள்ளும். ‘அப்படி ஒரு தேதி இல்லை’ என்று சொல்லியிருந்தால் பிழை அன்றே பிடிபட்டிருக்கும். பைத்தான் அப்படிச் சொல்லிவிடும். இந்த விஷயத்தில் எனக்குப் பைத்தானின் முரட்டுத்தனம்தான் பிடிக்கும்.

தள்ளல் ஒழுங்கே இல்லாமல் இருந்தால், அதுவும் மாதத்தின் முதல் 12 நாட்களில் மட்டும் என்றால், நாளும் மாதமும் இடம் மாறியிருக்கின்றன. நாம் 05/08/2024 என்றால் ஆகஸ்ட் 5. அமெரிக்கர்களுக்கு அது மே 8. முதலாவது திங்கள், இரண்டாவது புதன். 13-ஆம் தேதி முதல் குழப்பமே வராது, ஏனென்றால் 13-ஆவது மாதம் கிடையாது. ஜாவாஸ்கிரிப்ட் ‘செல்லாத தேதி’ என்று சொல்லும். அமெரிக்க அமைப்பில் இருக்கும் எக்செல் அதைத் தேதியாகவே எடுத்துக்கொள்ளாமல் வெறும் எழுத்தாக இடது பக்கம் ஒட்டி வைக்கும். ஒரே நெடுவரிசையில் சில தேதிகள் இடதுபக்கம், சில வலதுபக்கம் நிற்பதைக் கண்டால், வலதுபக்கம் நிற்பவற்றைத்தான் நம்பக் கூடாது. 05/08 என்று எழுதும் பழக்கத்தை நிரலுக்குள் கைவிட்டு, வருடம்-மாதம்-நாள் என்ற வரிசைக்கு மாறுவதுதான் வழி.

சில மணி நேரம் மட்டும், அல்லது சில ஊரில் மட்டும்

இதுதான் மிகவும் தலைவலி தருவது. இங்கே கொஞ்சம் நிதானமாகப் போகலாம்.

சென்னையில் உட்கார்ந்து அமெரிக்க வாடிக்கையாளருக்காக வேலை செய்யும் ஒருவர் சொன்னார்: “என் மெஷின்ல வியாழன்தான் வருது அண்ணா. அவங்களுக்கு மட்டும் புதன் வருதாம். ஸ்கிரீன்ஷாட் வேற அனுப்பியிருக்காங்க.” நிரலில் இருந்தது 2024-08-15 என்ற ஒரு தேதி. நேரம் ஒன்றும் இல்லை, வெறும் தேதி.

நேரமில்லாத தேதி என்பது மனிதருக்குப் புரியும். ஜாவாஸ்கிரிப்ட்டின் தேதிப் பொருளுக்கு அது புரியாது. அதற்கு எல்லாமே ஒரு கணம்: 1970 ஜனவரி 1 தொடங்கி இத்தனை மில்லிசெகண்ட் என்ற ஒற்றை எண். ஆகவே வெறும் தேதியைக் கொடுத்தால் அதை ஏதாவது ஒரு கணமாக மாற்றியாக வேண்டும். கோடு போட்டுப் பிரித்த 2024-08-15 என்ற வடிவத்தை அது யுடிசி, அதாவது உலகப் பொது நேரத்தின் நள்ளிரவாக எடுத்துக்கொள்கிறது. அப்புறம் கிழமையைக் கேட்கும்போது, பார்ப்பவரின் உள்ளூர் நேரத்தில் பதில் சொல்கிறது. யுடிசி நள்ளிரவில் இந்தியாவில் காலை 5:30, அதே ஆகஸ்ட் 15, வியாழன். நியூயார்க்கில் முந்தைய நாள் இரவு 8 மணி, ஆகஸ்ட் 14, புதன். இரண்டு பேரும் உண்மையைத்தான் சொன்னார்கள்.

அதே தேதிக்குப் பின்னால் நேரத்தையும் எழுதி, டைம்ஸோன் குறிப்பை மட்டும் விட்டுவிட்டால், அப்போது உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்ளும். ஒரு நேரம் சேர்ப்பதால் விதியே மாறுகிறது. மொழியின் விதிநூலிலேயே அப்படித்தான் இருக்கிறது.

இந்தியாவில் இருப்பதால் நாம் தப்பித்தோம் என்று நினைக்க வேண்டாம். நமக்கு இதே பிழை பின்வாசல் வழியாக வரும். ஒரு படிவத்தில் பயனர் ஆகஸ்ட் 15-ஐத் தேர்ந்தெடுக்கிறார். தேதிப்பெட்டி அதை உள்ளூர் நள்ளிரவாக வைத்துக்கொள்கிறது. சேமிக்கும்போது ‘டூ-ஐஎஸ்ஓ-ஸ்ட்ரிங்’ என்ற ஃபங்ஷனை அழைக்கிறோம். அது யுடிசியில் எழுதும். சென்னையின் நள்ளிரவு யுடிசியில் முந்தைய நாள் மாலை 6:30. அந்த வரியின் முதல் பத்து எழுத்தை வெட்டி எடுத்தால் 2024-08-14. புதன்கிழமை. அதே பயனர் மறுபடி படிவத்தைத் திறந்து, பெட்டி அந்தத் தேதியையும் உள்ளூர் நள்ளிரவாகவே வாசித்து, சேமித்தால் 13. ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் ஒரு நாள் தேயும். தேய்பிறை மாதிரி.

இன்னொரு வடிவம் சர்வரில். பெரும்பாலான கிளவுட் சர்வர்களின் கடிகாரம் யுடிசியில் ஓடுகிறது. இந்திய நேரம் நள்ளிரவு 12 முதல் காலை 5:30 வரை அங்கே இன்னும் நேற்றுதான். திங்கள் அதிகாலை 1 மணிக்கு ‘இன்று என்ன கிழமை’ என்று சர்வரைக் கேட்டால் ஞாயிறு என்று சொல்லும். பகல் முழுக்கச் சரி, விடியற்காலையில் மட்டும் ஒரு நாள் பின்னால் என்றால் வேறு எங்கும் தேட வேண்டாம்.

தீர்வு, தேதியையும் கணத்தையும் பிரித்து வைப்பது. பிறந்தநாள், பண்டிகை, வாடகை கட்ட வேண்டிய நாள் இவையெல்லாம் தேதிகள். இவற்றுக்கு டைம்ஸோன் கிடையாது. பைத்தானில் ‘டேட்’, ஜாவாவில் ‘லோக்கல்-டேட்’, சி ஷார்ப்பில் ‘டேட்-ஒன்லி’ என்று நேரமில்லாத வகைகள் இதற்காகவே இருக்கின்றன. ஜாவாஸ்கிரிப்ட்டின் பழைய தேதிப் பொருளோடுதான் வாழ வேண்டும் என்றால், யுடிசியில் உருவாக்கி, கிழமையையும் யுடிசியிலேயே கேளுங்கள்; அதற்கு ‘கெட்-யுடிசி-டே’ இருக்கிறது. பாதி யுடிசி, பாதி உள்ளூர் என்று கலப்பதுதான் வினை. ‘இன்று என்ன கிழமை’ என்ற கேள்விக்கு மட்டும் டைம்ஸோன் கட்டாயம் வேண்டும், ஏனென்றால் ‘இன்று’ ஊருக்கு ஊர் வேறு. சோதிக்கும்போது உங்கள் கணினியின் டைம்ஸோனை ஒரு முறை நியூயார்க்குக்கு மாற்றி ஓட்டிப் பாருங்கள். இரண்டு நிமிட வேலை.

டைம்ஸோன் என்றால் 5:30-ஐக் கூட்டினால் போதும் என்று நினைப்பவர்களுக்கு இலங்கை ஒரு நல்ல பாடம். 1996-இல் இலங்கை தன் கடிகாரத்தை முன்னே தள்ளியது. முதலில் யுடிசிக்கு 6:30 முன்னால், அதே வருடம் அக்டோபரில் அது 6:00 ஆனது. 2006 ஏப்ரலில்தான் மீண்டும் 5:30-க்கு வந்தது. 2000 ஜனவரி 1-ஆம் தேதி யாழ்ப்பாணத்தில் பிறந்த ஒருவரின் பிறந்தநாள், உள்ளூர் நள்ளிரவு என்ற கணமாகச் சேமிக்கப்பட்டிருக்கிறது என்று வையுங்கள். யுடிசியில் அது டிசம்பர் 31 மாலை 6 மணி. அதோடு 5:30-ஐக் கூட்டினால் டிசம்பர் 31 இரவு 11:30. சனிக்கிழமை பிறந்தவர் வெள்ளிக்கிழமைக்காரர் ஆகிவிடுகிறார். ஊரின் பெயரைச் சொல்லி டைம்ஸோனைக் கேட்டால், கணினியில் இருக்கும் டைம்ஸோன் தொகுப்பு இந்த வரலாற்றையெல்லாம் பார்த்துக் கணக்குப் போடும்.

கோடைகால நேரம் மாற்றும் நாடுகளில் இன்னொரு பொறி. நாளை என்பதற்கு 24 மணி நேரத்தைக் கூட்டுவது நம் ஊரில் சரியாக வரும். நியூயார்க்கில் 2024 நவம்பர் 3, ஞாயிறு, 25 மணி நேரம் கொண்ட நாள். அன்று நள்ளிரவோடு 24 மணி கூட்டினால் அதே ஞாயிறு இரவு 11 மணிக்குத்தான் வந்து நிற்பீர்கள். காலண்டர் பக்கத்தில் ஞாயிறு இரண்டு முறை வரும். மணியைக் கூட்டாமல் நாளைக் கூட்டுங்கள். இதையெல்லாம் மிஞ்சியது சமோவா: சர்வதேசத் தேதிக்கோட்டின் மறுபக்கம் போவதற்காக 2011 டிசம்பர் 30-ஆம் தேதியையே விட்டுவிட்டார்கள். அந்த வாரம் அங்கே வெள்ளிக்கிழமையே கிடையாது.

எல்லாவற்றுக்கும் ஒரே கிழமை, அல்லது எப்போதும் இரண்டு நாள் முன்னால்

முன்னது செகண்ட், மில்லிசெகண்ட் குழப்பம். சில மொழிகள் 1970-லிருந்து செகண்டாக எண்ணும், ஜாவாஸ்கிரிப்ட் மில்லிசெகண்டாக எண்ணும். செகண்ட் எண்ணை அப்படியே அதனிடம் கொடுத்தால் காலம் ஆயிரத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். 2024-இன் எல்லாத் தேதியும் 1970 ஜனவரி 20-ஐ ஒட்டி வந்து குவியும். வருடத்தையும் சேர்த்து அச்சிட்டால் ஒரே பார்வையில் தெரிந்துவிடும். கிழமையை மட்டும் அச்சிட்டால் மண்டை காயும்.

பின்னது எக்செல். அது தேதியை 1900 ஜனவரி 1 தொடங்கி வரிசை எண்ணாக வைத்திருக்கிறது. 2024 ஆகஸ்ட் 15-க்கு 45519. இந்த எண்ணை வேறு மொழிக்குக் கொண்டுவந்து, 1900 ஜனவரி 1-ஓடு கூட்டினால் ஆகஸ்ட் 17, சனி வரும். ஒரு நாள் தப்புக்குக் காரணம், ஜனவரி 1-க்கே எண் 1, 0 அல்ல. இன்னொரு நாளுக்குக் காரணம், எக்செல் 1900-ஐ லீப் வருடம் என்று நம்புகிறது. நூறால் வகுபடும் வருடம் 400-ஆலும் வகுபட்டால்தான் லீப். 1900 அப்படி இல்லை. லோட்டஸ் 1-2-3 என்ற அந்தக் கால மென்பொருளில் இருந்த பிழை, அதன் கோப்புகளோடு ஒத்துப்போக வேண்டும் என்பதற்காக எக்செலிலும் வைக்கப்பட்டு இன்றுவரை தொடர்கிறது. எக்செலில் 1900-இன் முதல் இரண்டு மாதங்களுக்குக் கிழமை கேட்டால் ஒரு நாள் பின்னால்தான் வரும். ஜனவரி 1 திங்கள், அது ஞாயிறு என்கிறது. 1899 டிசம்பர் 30-ஐ அடிப்படையாக வைத்துக் கூட்டினால், 1900 மார்ச் முதல் எல்லாத் தேதியும் சரியாக வரும்.

ஜனவரி, பிப்ரவரியில் மட்டும்

கிழமை கண்டுபிடிக்கும் சூத்திரத்தை நீங்களே எழுதியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். கல்லூரி லேபில் எல்லோரும் எழுதும் ஒன்று, ஜெர்மானியரான கிறிஸ்டியன் ஸெல்லர் 19-ஆம் நூற்றாண்டில் தந்த சூத்திரம். பிப்ரவரியின் நாள் எண்ணிக்கை மாறிக்கொண்டே இருப்பதால், வருடம் மார்ச்சில் தொடங்குவதாக வைத்துக்கொள்வது அதன் தந்திரம். ஜனவரியும் பிப்ரவரியும் போன வருடத்தின் 13, 14-ஆம் மாதங்கள். பலர் மாதத்தை 13 ஆக்கிவிட்டு, வருடத்தில் ஒன்றைக் குறைக்க மறந்துவிடுகிறார்கள். குறைக்கிறவர்களிலும் சிலர், நூற்றாண்டைப் பிரித்து எடுத்த பிறகு குறைக்கிறார்கள். அது 2000 ஜனவரியில் மாட்டும். முதலில் குறைத்து, 1999 ஆக்கி, பிறகுதான் 19 என்றும் 99 என்றும் பிரிக்க வேண்டும்.

இன்னொன்று, இந்தச் சூத்திரத்தில் 0 என்றால் சனி. ஞாயிறு அல்ல, திங்களும் அல்ல.

கடைசியாகக் கழித்தல் குறி. 2000 மார்ச் 1-க்குச் சூத்திரம் 7-ஆல் வகுக்கும் முன் -24 தருகிறது. பைத்தான் இதன் மீதியை 4 என்று சொல்லும்: புதன், சரி. சி, ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட் மூன்றும் -3 என்று சொல்லும். பட்டியலில் -3-ஆவது இடத்தைத் தேடி ஜாவாஸ்கிரிப்ட் வெறுங்கையோடு திரும்பும், ஜாவா பிழை வீசும், சி மொழி நினைவகத்தில் கிடைத்ததை அள்ளிக்கொண்டு வரும். வந்த மீதியோடு 7-ஐக் கூட்டி மறுபடி 7-ஆல் வகுத்து மீதி எடுத்தால் போதும். கற்றுக்கொள்ள இந்தச் சூத்திரம் அருமையானது. வேலைக்கு, மொழியோடு வரும் நூலகத்தையே பயன்படுத்துங்கள்.

நிரல் சரி, கேள்வி வேறு

சென்னைக் கோட்டை 1746-இல் பிரெஞ்சுக்காரர்களிடம் சரணடைந்தது. புதுச்சேரிக் கணக்கில் அது செப்டம்பர் 21. கோட்டைக்குள் இருந்த ஆங்கிலேயர் கணக்கில் செப்டம்பர் 10. பிரான்ஸ் 1582-லேயே கிரிகோரியன் நாட்காட்டிக்கு மாறிவிட்டது. பிரிட்டன் 1752 வரை பழைய ஜூலியனிலேயே இருந்தது. இரு பக்கத்துக்கும் கிழமை ஒன்றுதான், புதன். பைத்தானிடம் 21-ஐக் கொடுத்தால் புதன் என்று சரியாகச் சொல்லும். ஆங்கிலேய ஆவணத்தில் உள்ளபடி 10-ஐக் கொடுத்தால் சனி என்று சொல்லும். பைத்தான் எல்லாக் காலத்துக்கும் கிரிகோரியனையே பின்னோக்கி நீட்டுகிறது. பழைய கிழக்கிந்தியக் கம்பெனி ஆவணங்களைக் கணினியில் ஏற்றுகிறவர்கள் கிழமை பொருந்தவில்லை என்றால், எழுதியவர் எந்த நாட்காட்டியில் வாழ்ந்தார் என்று முதலில் பார்க்க வேண்டும்.

இதே மாதிரி ஒன்று என் வீட்டுக்கே வந்தது. உறவினர் ஒருவருக்காகப் பிறந்த தேதியைப் போட்டால் கிழமை சொல்லும் சின்ன ஆப் ஒன்று எழுதியிருந்தேன். அத்தை அதில் பேத்தியின் தேதியைப் போட்டுவிட்டு, “வெள்ளிக்கிழமைன்னு காட்டுதுடா. ஜாதகத்துல வியாழக்கிழமைன்னு எழுதியிருக்கே” என்றார். எண், மாதம், டைம்ஸோன் எல்லாவற்றையும் சோதித்தேன். ஒன்றிலும் குறையில்லை. பிறகுதான் எத்தனை மணிக்குப் பிறந்தாள் என்று கேட்டேன். அதிகாலை 3:40.

பஞ்சாங்கத்துக்கு நாள் நள்ளிரவில் மாறுவதில்லை, சூரிய உதயத்தில் மாறுகிறது. வெள்ளி விடியும் வரை வியாழன்தான். ஆஸ்பத்திரிச் சான்றிதழில் வெள்ளி, ஜாதகத்தில் வியாழன், இரண்டும் சரி. ஆப்பில் பிறந்த நேரத்துக்கும் ஊருக்கும் ஒரு பெட்டி சேர்த்து, உதய நேரத்தைக் கணக்கிட்டு, கீழே இரண்டு வரி வரும்படி மாற்றினேன்: ‘ஆங்கிலத் தேதிப்படி வெள்ளி’, ‘பஞ்சாங்கப்படி வியாழன்’. அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டையும் படித்துவிட்டு, “அப்ப இவளுக்கு எந்தக் கிழமைடா எண்ணெய் தேய்ச்சுக் குளிப்பாட்டறது?” என்று கேட்டார்.